பரண்மேல் ஜாமெட்ரி பாக்ஸ்

செப்டம்பர் 9, திங்கள்

விண்ணப்பம் போட்டாயிற்று. இ-சேவை மையத்தில் இருந்த பெண், "போன வருசம் குடுத்த அதே பேப்பர்தானே அண்ணாச்சி, புதுசா எதுக்கு?" என்று கேட்டாள். நானும் அதைத்தான் கேட்கிறேன். கடை அதே கடை, நான் அதே குருவையா, தீபாவளியும் அதே தீபாவளி. ஆனாலும் வருடா வருடம் கடையின் வரைபடம், வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், என் போட்டோ எல்லாம் புதிதாக வேண்டும். போட்டோவில் இருக்கிற ஆள் மட்டும் பழையவன்.

மற்ற மாதங்களில் நோட்டு, பேனா, சார்ட் அட்டை விற்கிற கடை. ஐப்பசி பிறந்தால் அதையெல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு வெடிக்கடை. அதற்குத்தான் இந்தத் தற்காலிக லைசென்ஸ். அது கைக்கு வரும்வரை கடையில் ஒரு கேப்புச் சுருள்கூட இருக்கக் கூடாது. போன வருடம் அது வந்து சேர்ந்தபோது தீபாவளி வாசலில் நின்றது. சிவகாசிக்கு ஓடினேன். எனக்கு மிஞ்சியது சாட்டையும் பாம்பு மாத்திரையும். பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் செரிக்கவில்லை. இந்த வருடம் அப்படி நடக்காது. ஏற்பாடு செய்துவிட்டேன்.

மகள் செல்விக்கு இது தலை தீபாவளி. மாப்பிள்ளை வேல்மயிலுக்குத் தீயணைப்புத் துறையில் வேலை, வெளி மாவட்டத்தில். ஊரெல்லாம் தீபாவளி கொண்டாடுகிற அன்றைக்கு அவர்களுக்கு லீவு கிடையாதாம். வீட்டில் கோமதி இதைச் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்துகிறாள்.

செப்டம்பர் 14, சனி

காலையில் சிவகாசியிலிருந்து வேன் வந்தது. ஜாமெட்ரி பாக்ஸ் பெட்டிகள். கடையில் வைக்க வழி இல்லை, அதனால் வீட்டில் இறக்கினேன். கல்யாணம் ஆனதிலிருந்து செல்வியின் அறை சும்மாதான் கிடக்கிறது. பரணில் இருந்த தாம்பாளம், பித்தளைப் போணி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பெட்டிகளை ஏற்றினேன்.

"சிவகாசியிலயா ஜாமெட்ரி பாக்ஸ் செய்யுதாங்க?" என்று கேட்டாள் கோமதி.

"அங்க எல்லாந்தான் செய்வாங்க. காலண்டர் அடிக்கலையா? டைரி அடிக்கலையா?" என்றேன். சமாதானமாகிவிட்டாள்.

பெட்டிகளின் மேல் இருந்த படங்களை மறைத்துப் பழைய காலண்டர் தாள் ஒட்டினேன். தூசி படியாமல் இருக்கும். வேன் டிரைவர் கிளம்பும்போது, "அடுப்புப் பக்கம் வச்சிராதீய அண்ணாச்சி," என்று வாசலில் நின்று சத்தமாகச் சொல்கிறான். அவனுக்கு வாய் நீளம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை என்று தெரியவில்லை.

செவ்வாய், வெள்ளி சாயங்காலம் கோமதி சாம்பிராணி போடுவாள். கம்ப்யூட்டர் சாம்பிராணி எல்லாம் அவளுக்கு ஆகாது. தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக் கங்கெடுத்து, தூபக்காலில் போட்டு, விசிறியால் வீசி வீசி அறை அறையாகப் போவாள். இன்றைக்கு நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை நிமிர்ந்தால் அவள் செல்வியின் அறை வாசலில் நின்று விசிறுகிறாள். பொறி பறக்கிறது.

என்ன சொல்லித் தடுப்பது? வேறெதுவும் தோன்றவில்லை. இருமினேன். நன்றாக, குனிந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினேன். பதறிப்போய்த் தூபக்காலை முற்றத்தில் கொண்டு வைத்துவிட்டு ஓடிவந்து முதுகைத் தடவினாள்.

"எதுக்கு இப்படி இருமுதீய? எத்தனை நாளா இருக்கு?"

"ரொம்ப நாளாவே புகை ஒத்துக்கிட மாட்டேங்கு," என்றேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

இருமினேன். ஆடாதொடைக் கசாயம் கிடைத்தது. கசாயமா அது? நாக்கு இன்னும் என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

இன்று சாம்பிராணி இல்லை. நான் வீட்டில் இருந்த நேரம் முழுக்க அடுப்பங்கரையில் சிரட்டை எரியவில்லை. இருமல் வேலை செய்துவிட்டது. கசாயம் மட்டும் தொடர்கிறது. பரவாயில்லை, குடித்துத் தொலைக்கிறேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

இன்றும் இல்லை. சாயங்காலம் கடை அடைத்து வந்தபோது செல்வி அறைத் திரைச்சீலையில் லேசாக வாசனை. துணியில் ஏறிய வாசனை அவ்வளவு சீக்கிரம் போகாது.

அக்டோபர் 3, வியாழன்

தீயணைப்பு நிலையத்திலிருந்து கடையைப் பார்க்க வந்தார்கள். நான் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன். மணல் வாளிகள் வரிசையாக, சிவப்புப் பெயின்ட் காயாமல்கூட இருந்தது. தண்ணீர் டிரம், தீயணைக்கும் சிலிண்டர், குழாய்க்குள் போன வயர். மாடியில் குடித்தனம் இல்லை. 'புகை பிடிக்காதீர்' பலகை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

அலுவலர் எல்லாவற்றையும் பார்த்தார். பின்வாசல் கதவைத் தள்ளினார். அது வரவில்லை. இழுத்தார். வந்தது.

"உள்பக்கமா தொறக்கு," என்றார்.

"ஆமா சார். கதவுன்னா அப்படித்தானே."

"உள்ள தீப்பிடிச்சுன்னா எல்லாரும் இதுல வந்து முட்டுவாங்க. முட்டுத கூட்டத்துக்கு நடுவுல யாரு பின்னால நகந்து நின்னு கதவை இழுக்கது? தள்ளுனா தொறக்கணும் அண்ணாச்சி. மாத்திட்டுச் சொல்லுங்க."

அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருக்கிற விஷயங்கள்தான் எரிச்சலைக் கிளப்புகின்றன.

அக்டோபர் 7, திங்கள்

ஆசாரி நாளைக்கு வருகிறாராம். போன மூன்று நாளும் இதையேதான் சொன்னார்.

அக்டோபர் 9, புதன்

கதவு வெளிப்பக்கம் திறக்கிறது. நாலைந்து தடவை திறந்து திறந்து பார்த்தேன். இனி தீயணைப்பு நிலையச் சான்று வரும், அதன்பிறகு போலீஸ், தாசில்தார், கடைசியில் மேலே கையெழுத்து. இந்த ஊரில் என் கடையைப் போலப் பாதுகாப்பான இடம் வேறு கிடையாது. அதற்குள் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். "மேல இருக்கதுல ஒரு பெட்டியை இறக்குங்க. பூஜைல வைக்கணும். வியாபாரப் பொருளுல்லா."

"பெட்டியைப் பிரிச்சா ரிட்டர்ன் எடுக்க மாட்டான்."

"பிரிக்க வேண்டாம், அப்படியே வைங்க."

"வெயிட்டு. எனக்கு இருமல்." இருமினேன். கடைக்குப் போய் நிஜமான ஜாமெட்ரி பாக்ஸ் இரண்டை எடுத்துவந்து வைத்தேன். தராசு, கால்குலேட்டர், என் பேனா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துச் சூடம் காட்டினாள். அப்பாடா என்றிருந்தது.

நிஜமான ஜாமெட்ரி பாக்ஸ் என்று எழுதிவிட்டேன். போகட்டும். அடித்துத் திருத்தவில்லை.

மத்தியானம் செல்வியின் அறையில் ஃபேன் போடப் போனேன். பரணில் உள்ள பெட்டிகள் ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். நான் கடைப் பூஜைக்குப் போயிருந்த நேரத்தில் ஏறி வைத்திருக்கிறாள். ஸ்டூல் இன்னும் அங்கேயே கிடந்தது. தரையில் வெள்ளையாகக் கொஞ்சம் சாம்பல் இருந்தது. பத்திச் சாம்பலாகத்தான் இருக்கும், எங்கிருந்தாவது காற்றில் வந்திருக்கும். கூட்டி எடுத்துவிட்டேன். ஜாமெட்ரி பாக்ஸ் வெடித்ததாக உலகத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை, தீப்பெட்டி நமத்துவிட்டது. எனக்கு மட்டும் இந்த மழை பிடித்திருக்கிறது. எல்லாம் ஈரமாக இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. ஆனால் சரக்கு நமத்துப்போனால்? எதைத்தான் வேண்டுவது?

சாயங்காலம் செல்வி போன் செய்தாள். "அப்பா, அவுகளுக்கு அடுத்த வாரம் ரெண்டு நாள் லீவு குடுத்திருக்காங்க. அதுக்குப் பெறகு தீபாவளி முடியுற வரைக்கும் எல்லாருக்கும் லீவு கெடையாதாம். அம்மாட்ட சொல்லுங்க, இருபத்திரண்டாம் தேதியே நம்ம தலை தீபாவளி வச்சிக்கிடுவோம்."

கோமதி அழுதாள், சிரித்தாள், அரிசி ஊறப்போட ஓடினாள். "செவ்வாக்கிழமைதான். பொம்பளப் பிள்ளை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க நல்ல நாளு," என்றாள்.

எனக்குச் சந்தோஷம்தான். செல்வியைப் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது. சந்தோஷம்தான் என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 18, வெள்ளி

இருபத்தொன்றுக்குள் லைசென்ஸ் வந்துவிட்டால் பெட்டிகளைக் கடைக்கு மாற்றிவிடலாம். தாலுகா ஆபீசில் கேட்டேன். "ஃபைல் மேல போயிட்டு" என்றார்கள். எவ்வளவு மேலே என்று தெரியவில்லை.

அரிசி குடோன் வைத்திருக்கிற சிநேகிதரிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "ஜாமெட்ரி பாக்ஸா? தாராளமா வைங்க," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு காலண்டரைப் பார்த்தார். "வேண்டாம் அண்ணாச்சி. நான் பிள்ள குட்டிக்காரன்," என்றார். நான் யாராம்?

கடையிலேயே கொண்டுபோய் வைத்துவிடலாமா என்றும் பார்த்தேன். போலீஸ் எந்த நேரத்திலும் மறுபடி பார்க்க வரலாம். பார்த்தால் இந்த வருடம் மட்டுமல்ல, இனி எந்த வருடமும் லைசென்ஸ் கிடைக்காது. பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரன் வாயெல்லாம் பல்லாகி நிற்பான்.

அக்டோபர் 21, திங்கள்

லைசென்ஸ் வரவில்லை. பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

கோமதி வாசலில் ஆரத்தி எடுத்தாள். செல்வி கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாள். மாப்பிள்ளை பையைக் கொண்டுபோய் அந்த அறையில் வைத்தார்.

"அந்த ரூம்ல பல்லி ஜாஸ்தி மாப்ளே. ஹால்ல காத்தோட்டமா படுங்க," என்றேன்.

கோமதி என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது. புதுமணத் தம்பதியை ஹாலில் படுக்கச் சொல்கிற மாமனார் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வேல்மயில் சட்டையை மாட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தார். "மேல என்ன மாமா?"

"ஜாமெட்ரி பாக்ஸ்."

"இவ்வளவா?"

"ஸ்கூல் தொறக்கப்ப வேணும்லா."

"அக்டோபர்லயா?"

"அரையாண்டுப் பரீட்சை வருதுல்லா," என்றேன். அவர் சிரித்துவிட்டு முகம் கழுவப் போனார். மரியாதையான பையன். மாமனார் பொய் சொல்வார் என்று அவருக்குத் தோன்றவில்லை. பயமாக இருக்கிறது. இவ்வளவு நாளும் இந்த வார்த்தையை எழுதாமல் இருந்தேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

எழுத முடியவில்லை.

அக்டோபர் 23, புதன்

நேற்று நடந்ததை எழுதுகிறேன். இனி ஜாமெட்ரி பாக்ஸ் என்று எழுத வேண்டியதில்லை.

காலையில் எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, செல்விக்குக் கத்தரிப்பூ நிறத்தில் பட்டு. "வெடிக்கடைக்காரர் வீட்டுத் தலை தீபாவளிக்கு ஒரு கம்பி மத்தாப்புகூட இல்லையே," என்று கோமதிக்கு ஒரே வருத்தம். "வேண்டாம் அத்தை, அடுத்த வாரம் பூரா அதத்தான் பாக்கப்போறேன்," என்று மாப்பிள்ளை சொன்னார். நான் விருந்துக்கு வாழை இலை வாங்கக் கிளம்பினேன். மழை தூறிக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளை ஹாலில் அதிரசம் தின்றுகொண்டிருந்தார். செல்வியைக் காணவில்லை. அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"செல்வி எங்க?"

"தலை காயப்போடுதா. இந்த மழையில அவ முடி என்னைக்குக் காயுறது? கங்கு போட்டுக் கூடையக் கவுத்து சாம்பிராணி வச்சுக் குடுத்திருக்கேன்," என்றாள் கோமதி. "புகை வந்தா நீங்க இருமுவீயன்னுதான் கதவைச் சாத்திக்கிடச் சொன்னேன்."

இலைக்கட்டு கையிலிருந்து விழுந்துவிட்டது. "சாம்பிராணிதான் போடக்கூடாதுன்னேனே!"

"உங்க முன்னாலதானே போடக்கூடாது? நீங்க கடைக்குப் போன பெறகு செவ்வாய் வெள்ளி தவறாமப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அந்த ரூம்லதான் அதிகமாக் காட்டுவேன். பிள்ளை இல்லாத ரூம் இருண்டு கெடக்கக் கூடாதுல்லா?"

ஐந்து வாரம். நான் இருமி இருமி என்னைத்தான் அந்த வீட்டிலிருந்து வெளியே அனுப்பியிருக்கிறேன். கங்கு உள்ளேயேதான் இருந்திருக்கிறது.

கதவைத் தட்டினேன். "செல்வி! வெளிய வா!" என்று கத்தினேன். "இருங்கப்பா, முடி ஈரமா இருக்கு," என்றாள் உள்ளேயிருந்து. "வெளிய வாம்மா, மேல இருக்கதெல்லாம் வெடி! வெடிம்மா!" கதவைத் தள்ளினேன். தாழ் போட்டிருந்தது. மாப்பிள்ளை எப்போது எழுந்து வந்தார் என்று தெரியாது. என் தோளைப் பிடித்து நகர்த்தினார். கத்தவில்லை. "செல்வி, கூடையத் தொடாத. எந்திரிச்சு வந்து தாழத் தொற. மெதுவா," என்றார். அவர் இப்படிக் குரலை இறக்கிப் பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

தாழ் விழுந்தது. செல்வி விரித்த முடியோடு வெளியே வந்தாள். அவர் உள்ளே போய்த் தூபக்காலைத் தூக்கி, கைகளால் மறைத்துக்கொண்டு முற்றத்துக்குக் கொண்டுபோய் மழையில் வைத்தார். திரும்பி வந்து ஜன்னலைத் திறந்தார். தரையைக் குனிந்து பார்த்து, ஈரத் துண்டால் துடைத்தார். அதன்பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை பெட்டி மாமா?"

புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக அவரே இறக்கினார். நான் கைகொடுக்கப் போனேன். "நீங்க உக்காருங்க," என்றார். பின்பக்கத்துத் துவைக்கிற தொட்டியில் தண்ணீர் நிரப்பி எல்லாவற்றையும் முக்கினார். காலண்டர் தாள் உரிந்து, சக்கரமும் பூச்சட்டியும் மேலே மிதந்தன. கோமதி பக்கத்தில் நின்று பார்த்தாள். பெட்டிகளில் இருந்த சந்தனமும் குங்குமமும் தண்ணீரில் கரைந்தன.

"இதுக்கா நான் பொட்டு வச்சேன்?" என்று கேட்டாள். "சூடமும்லா காட்டுனேன்." பிறகு அப்படியே தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை. "ராத்திரி அதுக்குக் கீழதான் படுத்திருந்தோம்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மாப்பிள்ளைதான் கடைசியில் பேசினார். "இந்த மாதிரி வீட்டுக்குத்தான் மாமா நாங்க லீவு இல்லாமக் காத்துக் கெடக்கோம். இதப் பாத்துட்டு நான் ஸ்டேசன்ல சொல்லணும். சொல்லப் போறதில்ல. இனி அதையும் மனசுல வச்சிக்கிட்டுத்தான் நான் யூனிஃபார்ம் போடணும்."

சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்கள். தலை தீபாவளி விருந்துக்கு வந்த மாப்பிள்ளை சாப்பிடாமல் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இலைக்கட்டு நான் போட்ட இடத்திலேயே கிடந்தது. மாட்டுக்குப் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 26, சனி

லைசென்ஸ் வந்தது.

பின்பக்கத்தில் நிபந்தனைகள் அச்சடித்திருக்கின்றன. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். சிவகாசியில் கிடைத்ததை வாங்கிக் கடையில், கடையில் மட்டும், இறக்கினேன். சாட்டையும் பாம்பு மாத்திரையும்தான்.

அக்டோபர் 29, செவ்வாய்

அந்த அலுவலர் கடைக்கு வந்தார். பின்கதவைத் தள்ளினார். திறந்தது. "எல்லாரும் உங்களை மாதிரி இருந்துட்டா எங்களுக்கு வேலையே இல்ல அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மணல் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

வியாபாரம் சுமார். கடை அடைத்துவிட்டு மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். செல்விதான் எடுத்தாள். "அவுக டூட்டில இருக்காக. கூரை வீடு ஒண்ணு எரியுதாம், போயிருக்காக." "அம்மாட்ட குடுங்க."

குடுத்தேன்.

நவம்பர் 1, வெள்ளி

அன்றைக்குப் பிறகு கோமதி என்னிடம் காரியத்துக்கு மட்டும்தான் பேசுகிறாள். உப்பு வேணுமா, தண்ணி போதுமா, அவ்வளவுதான்.

இன்று சாயங்காலம் என் கண்ணெதிரிலேயே சிரட்டையைச் சுட்டாள். கங்கெடுத்துத் தூபக்காலில் போட்டு, சாம்பிராணியைக் கை நிறைய அள்ளிப் போட்டாள். அறை அறையாகப் போனாள். செல்வியின் அறையில் ரொம்ப நேரம் நின்றாள். பரண் காலியாக இருக்கிறது. தாம்பாளத்தையும் போணியையும் இன்னும் யாரும் மேலே ஏற்றவில்லை.

பிறகு நேராக நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால் வந்தாள். தூபக்காலை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, விசிறியால் வீசினாள்.

"இருமுங்க பாப்போம்," என்றாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இருமவே கூடாது என்று இருந்தேன். புகை தொண்டைக்குள் இறங்கிக் குத்தியது. எவ்வளவு நேரம்தான் அடக்க முடியும்? வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வர இருமினேன். இந்தத் தடவை நிஜமான இருமல். செப்டம்பரில் இருமியது போலவேதான் இருந்திருக்கும்.

கோமதி நகரவில்லை. நின்று பார்த்தாள்.

"நல்லாத்தான் இருமுதீய," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கசாயம் வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.